நாலு கம்பனிக்கும் ஒரே துடக்கு

இரண்டு கிழமைக்கு முன், ஒரேயொரு கிளிக்கில் நாலு குடும்பங்களுக்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உண்டாக்கினேன்.

அதில் மூன்று வீட்டில் ஒருவருமே சாகவில்லை!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எழுத உட்கார்ந்த எனக்கே அடக்க முடியவில்லை. ஆனால் இடையில் ஓரிடத்தில் நான் செய்த காரியம் ஒன்று வரும். அந்த இடத்தில் மட்டும் என்னை மன்னிக்க அவசரப்படாதீர்கள்.

கோப்பாயில் எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் மயூரி இருக்கிறாள். ஒரு காலத்தில் என்னிடம் கணிதம் படித்தவள். இப்போது வீட்டு முன்னறையில் இருந்து இணையத்தளங்கள் நடத்துகிறாள். நாலு வாடிக்கையாளர்கள்: அச்சுவேலியில் ஒரு தண்ணீர்ப் பம்பிக் கடை, சாவகச்சேரியில் ஒரு கலியாண மண்டபம், ஒரு ஐஸ்கிறீம் கடை, வாகனம் ஓட்டப் பழக்குகிற ஒரு பள்ளி.

நாலுக்கும் நாலு சிஸ்டம் செய்தால் கட்டுப்படியாகாது. அதனால் ஒன்றே ஒன்று செய்தாள். வெளியே பார்த்தால் நாலு தளம், நாலு பெயர், நாலு நிறம். உள்ளே போனால் எல்லாம் ஒன்று — எங்கள் பங்குக் கிணறு மாதிரி. வளவு வேறு, தண்ணீர் ஒன்று.

தமிழில் அறிவித்தல் எழுதிப் போடுவது என் பொறுப்பு. எழுதிவிட்டு, எந்தக் கம்பனிக்கு என்று பெட்டியில் சரி போடவேண்டும். நாலு பெட்டி. ஐந்தாவதாக ஒன்று — ‘அனைத்து நிறுவனங்களுக்கும்’. பொங்கல் வாழ்த்துப் போட வைத்தது.

பம்பிக் கடைக்காரரின் தாயார் காலமானார். ‘எமது குடும்பத்தில் நிகழ்ந்த மறைவு காரணமாக, துடக்குக் கழியும்வரை எமது சேவைகள் இடம்பெறமாட்டா’ என்று வடிவாக எழுதினேன்.

ஐந்தாவது பெட்டியில் சரி போட்டேன்.

ஏன்? எங்கள் ஊரில் கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டால் ஒரு வருடக் கோபம். செத்தவீட்டுக்குச் சொல்லாமல் விட்டால் ஆயுள் கோபம். நாற்பது வருடமாக ஊரில் இழவு சொல்லும் பட்டியல் எழுதியவன் நான். ஒரு வீடும் தவறக்கூடாது... அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. சிஸ்டமும் தன் கடமையைச் செய்தது: ஒவ்வொரு தளத்திலும் அந்தந்த முதலாளியின் பெயரையே அறிவித்தலின் கீழ் போட்டது.

மயூரி ஒரு மணித்தியாலத்தில் கண்டு அழித்தாள். அதற்குள் ஆட்கள் படம் பிடித்து வட்ஸ்அப்பில் கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள்.

பின்னேரம் நான் மயூரி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். மண்டபக்காரர் சிவநேசன் உள்ளே பாய்ந்தார்.

“பிள்ளை, என்ரை வீட்டிலை ஆர் செத்தது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை...”

“ஒருத்தரும் இல்லையெண்டு எனக்கும் தெரியும்! கனடாவிலை இருக்கிற மச்சான், நான் செத்துப்போனன் எண்டு என்ரை போனுக்கே அடிச்சு, என்னட்டையே அழுகிறான்!”

பின்னால் ஐஸ்கிறீம் கடை ரோசலின். அவருக்குச் சிரிப்பில் மூச்சு வாங்கியது. “உதென்ன பெரிசு? நாங்கள் வேதக்காரர், எங்களுக்கேது துடக்கு? சேர்ச் போதகர் வீட்டை வந்து, ‘எப்ப சைவத்துக்கு மாறினனீங்கள்’ எண்டு கேட்டிட்டுப் போறார்!”

“சிரிக்காதேங்கோ அக்கா. ஆறு நாளிலை மண்டபத்திலை கலியாணம். துடக்குக்காரன் திறந்துவிடுற மண்டபத்திலையோ தாலி கட்டுறது எண்டு பொம்பிளையின்ரை தாய் வேறை இடம் தேடுறா.” சிவநேசன் மயூரி பக்கம் திரும்பினார். “பொம்பிளை வீட்டுக்காரர் போனால் நானும் உன்னை விட்டுப் போறன். மற்ற மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போறன். ஒண்டாக் கிடந்தபடியால்தானே உந்தக் கூத்து?”

மயூரி வெளிறிப்போனாள். நாலும் போனால் அவளுக்குத் தொழிலே இல்லை.

“நேற்றுத்தான் உள்ளுக்கை ஒரு மாற்றம் செய்தனான் அண்ணை. என்ரை பிழையாத்தான் இருக்கும்.” பிறகு என்னைப் பார்த்தாள். “மாஸ்ரர், நீங்கள் பம்பிக் கடைக்கு மட்டும்தானே போட்டனீங்கள்?”

எனக்கு எல்லாம் தெரியும். ஐந்தாவது பெட்டி கண்ணுக்கு முன்னால் நின்றது.

“ஓம் ஓம்,” என்றேன். “சிஸ்டம் ஏதோ குழம்பியிருக்கு.”

இதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன இடம்.

வகுப்பில் பொய் சொன்ன பிள்ளைகளை வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தியவன் நான். யார் எதை அழுத்தினார் என்று பதிந்துவைக்கும் வசதியை மயூரி இன்னும் செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் துணிவில் சொன்னேன்.

இரண்டு நாள், தான் எழுதிய நிரலின் ஒவ்வொரு வரியையும் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வடை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தேன். இல்லாத பிழையைத் தேடுகிறவளுக்கு வடை! மூன்றாம் நாள் சொன்னாள்:

“பிழை பிடிபடேல்லை மாஸ்ரர். எல்லாத்தையும் பிரிச்சு அவையளிட்டையே குடுத்திட்டு, கொழும்பிலை வேலை பாக்கப்போறன்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“பிழை சிஸ்டத்திலை இல்லை பிள்ளை. எல்லாருக்கும் எண்ட பெட்டியை நான்தான் அமத்தினது. தெரிஞ்சுகொண்டுதான் பொய் சொன்னனான்.”

மயூரி கத்தவில்லை. “ரெண்டு நாள், மாஸ்ரர்,” என்றாள். அவ்வளவுதான். பிறகு எழுந்தாள். “வெளிக்கிடுங்கோ. என்னட்டைச் சொல்லிப் பிரயோசனமில்லை. பொம்பிளையின்ரை தாயிட்டைச் சொல்லுங்கோ.”

சிவநேசனிடமும் உண்மையைச் சொல்லி, அவருடைய வாகனத்தில் மூவரும் போனோம். முற்றத்தில் நின்றபடியே முழுவதையும் ஒப்புக்கொண்டேன். பெண்ணின் தாயார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மாஸ்ரர் சொல்லுறியள், சரி. ஆனால் மண்டபம் நட்டப்படக்கூடாதெண்டு உவர் உங்களைச் சொல்லவைக்கலாம்தானே? துடக்கில்லையெண்டால் கோயிலுக்குள்ளை வரட்டும், பாப்பம்.”

துடக்கோடு கோயிலுக்குள் போக இங்கே எவனும் துணியமாட்டான். சிவநேசன் அந்த முற்றத்திலேயே மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டார்!

முன்னே சிவநேசன், பின்னே பெண்ணின் தாயார், அவருக்குப் பின்னே அரை ஒழுங்கை. மனிதர் கோயிலை மூன்று முறை சுற்றினார். தேங்காய் உடைத்தார். நெற்றி போதாமல் காதுவரை திருநீறு பூசினார். நாலாவது சுற்றுத் தொடங்கியபோது தாயார் மறித்தார்.

“காணும் தம்பி, ஐயர் பயப்பிடப்போறார். கலியாணம் உங்கடை மண்டபத்திலைதான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “மாஸ்ரரும் வாங்கோ. ஆனால் ஆரும் அவரிட்டை மைக்கைக் குடுத்திடாதேங்கோ!”

மயூரிகூடச் சிரித்துவிட்டாள்.

கலியாணம் அங்கேயே நடந்தது. சிவநேசன் போகவில்லை, மற்றவர்களும் போகவில்லை. நாலு கம்பனியும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

கணினி வந்ததில் எங்களுக்கு ஒரு பெரிய வசதி: பழி போட ஆள் தேடத் தேவையில்லை. ‘சிஸ்டம்’ என்றால் போதும். வங்கியிலும் சொல்கிறார்கள், அரசாங்கக் கந்தோரிலும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சாப்பிடாமல் இருந்து தேடுகிற ஒருத்தி இருக்கிறாள் என்பதை வசதியாக மறந்துவிட்டுச் சொன்னேன். பிழை ஒரு விநாடி. பொய் இரண்டு முழு நாள்.

இப்போது யார் எதை அழுத்தினாலும் பெயரோடு பதிவாகிறது. என் கணக்கைத் திறந்தால் ஒரே ஒரு பெட்டிதான் தெரிகிறது. நான் எழுதுவது எதுவும் மயூரி பார்த்து ஓம் சொல்லாமல் வெளியே போகாது.

மயூரி என்னை மன்னித்துவிட்டாள். சிஸ்டம்தான் இன்னும் யோசிக்கிறது!