டென்சிலின் ஏணி

கிளெனிஸுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் இரண்டு காதும் சிவந்துபோகும். வேல்ஸில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்கமாட்டார்கள், காதைத்தான் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் தலையில்தானா இந்தப் பொய் வந்து விழ வேண்டும்? வேறு ஆளே கிடைக்கவில்லையா? படகு நிறுத்தும் முற்றத்தில் வாய் கூசாமல் புளுகுகிற ஆட்களுக்கா பஞ்சம்?

அவள் புருஷன் மெர்வின் எண்ணெய் ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இருந்த ஒரே வீட்டை விற்று 'கிட்டிவேக்' என்ற சின்னப் பாய்மரப் படகை வாங்கினார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் இவர்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். பிடித்தால் பிடிக்கட்டும் என்று கிளம்பி வந்தவர்கள்தான். கிரேக்கத்தில் பிரெவேசா ஊருக்கு எதிர்க்கரையில் படகுகளைத் தரையில் ஏற்றி நிறுத்தும் முற்றம் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்க கிட்டிவேக் அங்கே முட்டுக்கொடுத்து நிற்கும், இவர்கள் வேல்ஸில் கிளெனிஸின் தங்கை வீட்டில் ஒரு சின்ன அறையில் கிடப்பார்கள். வசந்தம் வந்ததும் ஓடி வந்து, அடிப்பக்கத்துக்குச் சாயம் பூசி, தண்ணீரில் இறக்குவார்கள்.

முன்பெல்லாம் இஷ்டப்பட்ட வரைக்கும் இருக்கலாம். பிரெக்ஸிட் வந்து, ஆறு மாசத்தில் தொண்ணூறு நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்று ஆக்கிவிட்டது. போதாததற்குக் கோவிட் வந்தது. அதற்குப் பிறகு காப்பீட்டுக் கம்பெனிகள் இவர்களைக் கண்டாலே கதவைச் சாத்தின. எழுபது தாண்டியாச்சா, இதயத்துக்கு மாத்திரை உண்டா, மாசக்கணக்கில் படகில் இருப்பீர்களா என்று கேட்டுவிட்டு, போனை வைத்துவிடுவார்கள். அரசாங்கம் தந்த அட்டை ஒன்று இருக்கிறது, அதைக் காட்டினால் கிரேக்க அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்ப்பார்கள். ஆனால் எலும்பு முறிந்து கிடப்பவனைப் படுத்த படுக்கையாக விமானத்தில் ஏற்றி ஊர் கொண்டுசேர்க்க அந்த அட்டை உதவாது. அதற்குப் படகை விற்கவேண்டியதுதான். கோவிட் சமயத்தில் அப்படி விற்றுப் புருஷனைக் கொண்டுபோனவளை முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும். அவள் பெயரைச் சொன்னாலே எல்லாரும் கொஞ்சம் அடங்கிப்போவார்கள்.

கடைசியில் பக்கத்துப் படகுக்காரன் டென்சில்தான் ஒரு கம்பெனியைத் தேடிப் பிடித்தான். கார்ன்வால்காரன், வாய் ஓயாதவன், நல்ல மனுஷன். படகுக்காரர்களுக்கென்றே போட்ட பாலிசி என்று முற்றத்தில் பாதிப் பேர் அதில் சேர்ந்தார்கள். சொந்தப் படகில் சின்னச் சின்ன வேலை பார்க்கும்போது அடிபட்டால் கம்பெனி பொறுப்பு. அடுத்தவர் படகில் வேலை பார்க்கப்போய் அடிபட்டால், கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பொறுப்பில்லை. இதை எல்லாரும் படித்திருந்தார்கள். சாயங்காலம் பீர் குடித்துக்கொண்டே சத்தமாக வாசித்துச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போல ஒருத்தர் படகில் இன்னொருத்தர் ஏறினார்கள். வேறென்ன செய்வது? அங்கே யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. உன் மோட்டாரை நான் பார்க்கிறேன், என் பாயை நீ தைத்துக்கொடு, அவ்வளவுதான் கணக்கு. மெர்வினைப்போல மின்வேலை தெரிந்தவன் மாட்டேன் என்று சொன்னால் அந்த முற்றத்தில் முகம் கொடுத்துப் பேச ஆள் இருக்காது.

அன்றைக்கு டென்சில் படகில் நங்கூரம் இழுக்கும் மோட்டார் மக்கர் பண்ணியது. மெர்வின் ஏறிப் பார்த்தான், சரிசெய்தான், இறங்கப்போனான். டென்சில் படகு ஆழமான அடிக்கட்டை உள்ளது, தரையில் நிறுத்தினால் தளம் ஒரு மாடி உயரத்துக்கும் மேலே நிற்கும். முந்தின நாள் சாயம் பூச ஏணியைப் பின்பக்கம் தூக்கிப்போன டென்சில், திருப்பி வைத்தபோது அதன் தலையைப் படகோடு கட்ட மறந்துவிட்டான். ஏணியைக் கட்டாமல் விடுவதைப்போல ஒரு பாவம் அந்த முற்றத்தில் கிடையாது. மெர்வின் கால் வைத்ததும் ஏணி பக்கவாட்டில் சரிந்தது. கீழே சரளைக்கல்.

கிளெனிஸ் ஓடி வந்தபோது அவன் கண் திறந்திருந்தது. வலியில் இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. அவள் குனிந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நம்ம ஏணியிலேர்ந்து விழுந்தேன்னு சொல்லு."

"வாயை மூடிக்கிட்டு அசையாமக் கிட மெர்வின்."

"சொல்லு கிளென். இல்லேன்னா படகு போயிரும். சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணினாள். பின்னே என்ன செய்வாள், தரையில் கிடப்பவனோடு மல்லுக்கட்டுவாளா? ஆம்புலன்ஸ் வருவதற்குள் டென்சில் தன் ஏணியைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டான். நாலைந்து பேர் மெர்வினைச் சுற்றி நின்று, கிட்டிவேக் ஏணியிலிருந்துதான் விழுந்தான், நாங்களே பார்த்தோம் என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஒருத்தருக்கொருத்தர் சொல்லிவைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபோதினி என்று ஒரு பெண். சின்ன வயசு, சிரிப்பே கிடையாது. எவ்வளவு உயரம் என்று கேட்டாள். கிட்டிவேக் தாழ்ந்த படகு, தளமே ஓர் ஆள் உயரம்தான். கிளெனிஸ் அதைத்தான் சொன்னாள். காது கொதித்தது, நல்லவேளை தொப்பி போட்டிருந்தாள். டாக்டர் முதுகைப் படம் எடுக்கச் சொன்னாள். முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியிருந்தது. நரம்பு அறுபடவில்லை, ஆட்டாமல் அசைக்காமல் கொண்டுபோனால் உங்கள் ஊரிலேயே அறுவை செய்துகொள்ளலாம் என்றாள்.

கம்பெனிக்கு போன் போட்டாள் கிளெனிஸ். எதிர்முனையில் தேன் ஒழுகப் பேசும் ஒருத்தி. எப்போது ஊரிலிருந்து கிளம்பினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, விழுந்த நேரத்தில் அவர் உங்கள் சொந்தப் படகில்தானே இருந்தார் என்றாள்.

"ஆமா, எங்க படகுலதான்."

அரைமணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள் அந்தப் பெண். மறுநாள் காலையில் படுக்கை வசதியோடு விமானம் வரும், கூடவே ஒரு டாக்டரும் வருவார், ஆஸ்பத்திரி அறிக்கையை மட்டும் எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், கவலைப்படாதீர்கள் என்றாள். கிளெனிஸ் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். தப்பித்தோம் என்றுதான் நினைத்தாள். படகும் தப்பியது, மனுஷனும் தப்பினான். டென்சில் கடையிலிருந்து கீரை வைத்துச் சுட்ட பலகாரம் வாங்கிவந்து, சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சினான்.

மத்தியானம் சாய்ந்த நேரத்தில் மெர்வின் இடது தோள் வலிக்கிறது என்றான்.

"தோளா? நீ விழுந்தது இடுப்புல."

"தெரியல. குத்துது. தண்ணி குடு."

தண்ணீர் கொடுக்க அனுமதியில்லை. அவன் உதடு வெளுத்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். நெற்றியைத் தொட்டால் சில்லென்று ஈரமாக இருந்தது. நாற்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிற முகம் அது, காய்ச்சலில் பார்த்திருக்கிறாள், புயலில் பார்த்திருக்கிறாள், இந்த நிறத்தில் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

டாக்டர் ஃபோதினி நாடி பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள். நாடி வேகமாக ஓடவில்லை, ஆனால் இதயத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரை அதை வேகமெடுக்கவிடாமல் பிடித்துவைக்கும் என்றாள். வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா என்று முழு உடம்பையும் ஸ்கேன் செய்தால்தான் தெரியும். ஸ்கேன் கருவி ஒன்றுதான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்து இரண்டு பேர் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள்.

"கிளெனிஸ் அம்மா, ஓர் ஆள் உயரத்துலேர்ந்து விழுந்தவருக்கு இப்படி ஆகாதே. அந்த ரெண்டு பேருக்கு முன்னாடி இவரைக் கொண்டுபோகணும்னா எனக்குக் காரணம் வேணும். நெஜமாவே எவ்வளவு உயரம்?"

கிளெனிஸ், ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்தாள். டென்சில் எழுந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகமும் வெளுத்துவிட்டது.

"அவசரப்படாதே கிளெனிஸ். டாக்டர் எழுதறதெல்லாம் கம்பெனிக்குப் போகும். ஓர் ஆள் உயரம்னு சொல்லிட்டு இப்ப ஒரு மாடின்னா, யார் படகுன்னு நோண்டுவாங்க. விமானம் வராது. கொஞ்ச நேரம் பார்ப்போம். வெறும் தசைப்பிடிப்பாக்கூட இருக்கலாம்."

"இல்லாட்டி?"

"அவன் உன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கான்."

அது உண்மைதான். அதுதான் அவளைக் குடைந்தது. கிட்டிவேக் இல்லாமல் மெர்வின் என்ன செய்வான்? தங்கை வீட்டுச் சின்ன அறையில், சாலையைப் பார்த்த சன்னலோரம், இடுப்புப் பட்டையோடு கிடப்பான். அவனைக் கொல்ல அது ஒன்று போதும். அவன் பிழைத்து எழுந்து, ஏன் சொன்னாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சொல்லாமல் இருந்து, கேட்க அவன் இல்லாமலே போனால்?

"டென்சில், ஏணியை நீ ஏன் கட்டல?"

அவள் அதுவரை இதைக் கேட்டதே இல்லை. அந்த வாயாடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று போடலாம் போலவும் இருந்தது கிளெனிஸுக்கு. அவனை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டாக்டர் மெர்வின் கட்டிலருகே நின்றிருந்தாள். மெர்வின் கண்ணைத் திறந்து கிளெனிஸைப் பார்த்தான். தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தான். சொல்லாதே. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு மாடிக்கு மேல உயரம்," என்றாள் கிளெனிஸ். "பக்கத்துப் படகுலேர்ந்து விழுந்தார். அங்க வேலை பார்த்துக்கிட்டிருந்தார். கீழ சரளை. நான் பொய் சொன்னேன்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திரும்பி ஏதோ கத்தினாள், இரண்டு பேர் ஓடி வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கட்டில் திருப்பத்தில் மறையும்வரை மெர்வின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையில் பாசம் ஒன்றும் இல்லை.

மண்ணீரல் கிழிந்திருந்தது, தோள் வலி அதனால்தான். வயிற்றுக்குள் இரத்தம் தேங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. திறந்து, மண்ணீரலை எடுத்து, தைத்தார்கள். அறுவை முடிந்து வந்த டாக்டர், நாளைக்கு விமானத்தில் ஏற்றியிருந்தால் வானத்திலேயே முடிந்திருக்கும், விமானம் வரும்வரைக்கும்கூடத் தாங்கியிருக்கமாட்டார் என்றாள். அறிக்கையில் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதவேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். கிளெனிஸ் எழுதுங்கள் என்றாள்.

மறுநாளே தேன் ஒழுகும் குரல் கூப்பிட்டது. இப்போது தேன் கொஞ்சம் வற்றியிருந்தது. விமானம் ரத்து, பாலிசியும் செல்லாது. கிளெனிஸ் நன்றி சொல்லி வைத்தாள். படகு விற்பனைக்கு என்று முற்றத்து அலுவலகத்தில் சொல்லிவிடும்படி டென்சிலிடம் அவளேதான் கேட்டுக்கொண்டாள். அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி போனான்.

மெர்வினுக்கு நன்றாக நினைவு திரும்ப மேலும் ஒரு நாள் ஆனது. கிளெனிஸ் கட்டிலோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் முதலில் கேட்டது இதுதான்.

"விமானம் எப்ப?"

"வராது."

"படகு?"

"விக்கச் சொல்லிட்டேன்."

அவன் கையை உருவப் பார்த்தான். உருவத் தெம்பில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, சத்தியம் பண்ணினாயே, உன்னை நம்பினேனே, என்னைக் கேட்காமல் என் படகை விற்க நீ யார் என்று தொடங்கினான். குரல் கீறிக்கீறி வந்தது, அடிக்கடி மூச்சு வாங்கினான், ஆனாலும் விடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் செய்த தப்புகளையெல்லாம் இழுத்துப்போட்டுத் திட்டினான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் வந்து, கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் அம்மா, நான் அவரை அமைதிப்படுத்துகிறேன் என்றாள்.

"வேண்டாம்மா," என்றாள் கிளெனிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "திட்டட்டும். நான் கேட்டுக்கிட்டு இங்கயே இருக்கேன்."