நாலாம் பாகத்தில் திருந்திய கீரி

மிருகங்கள் பேசுகிற கதைகள் எனக்குப் பிடிக்காது. பேசாமல் இருப்பதுதான் மிருகங்களிடம் இருக்கிற நல்ல குணம். அதையும் பறித்துவிட்டு, அதுகளுக்கு ஓர் அரசனையும் நாலு மந்திரியையும் கொடுத்து, வாய்க்குள் அறிவுரையைத் திணித்து, புத்தகமாக அடித்துப் பிள்ளைகளின் தலையில் கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு நாளும் மதிப்பு இருந்ததில்லை. ஆனாலும் அப்படி ஒருவரோடுதான் ஒரே வீட்டில் இருக்கிறேன். அவர் என் அண்ணன்.

அண்ணன் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணி செத்துப்போன பிறகு நீர்வேலியில் அவருடைய வீட்டில் அவரும் நானும்தான். எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஆண்கள் சிலர் வாழைத் தோட்டம் செய்வார்கள். சிலர் கோயில் நிர்வாகத்துக்குள் புகுந்து சண்டை பிடிப்பார்கள். அண்ணன் சிறுவர் இலக்கியத்துக்குள் புகுந்தார். தோட்டமென்றால் எனக்குக் கறிக்காவது ஏதும் கிடைத்திருக்கும்.

அவருக்குக் கண் மங்கல். அச்சுக்குக் கொடுக்க முன்னம் எழுதியதை எல்லாம் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நின்ற காரணம் இங்கே தேவையில்லை. நான் எந்த இடத்தில் நாக்குத் தடுமாறித் தடக்குகிறேனோ அந்தச் சொல் சிறுவர்களுக்குக் கடினம் என்று அடையாளம் போட்டுக்கொள்வார். தடக்காத இடங்களில் எனக்கு ஏதும் தோன்றியதா என்று கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆட்கள் முகத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. எனக்காக நான் வாசிப்பது பேப்பரில் வரும் மரண அறிவித்தல்களை மட்டும். அதில் செத்தவர் எழும்பி நின்று புத்தி சொல்வதில்லை.

அண்ணனுடைய தொடர் ஒரு பனங்கூடலில் நடக்கிறது. உடும்பு அரசன். நரி தளபதி. சிறைச்சாலையைக் காப்பது நாகபாம்பு. இவர்களுக்கு நடுவில் ஒரு காது கிழிந்த கீரி. முதலாம் பாகத்தில் அந்தக் கீரி முட்டை களவெடுத்துவிட்டு, உடும்பின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்கிறது. இரண்டாம் பாகத்தில் ஓர் ஆமையை ஏமாற்றி அதன் முதுகில் ஏறிக் கடல்நீரேரியைக் கடக்கிறது. மூன்றாம் பாகத்தில் சிறையில் அகப்பட்டு, பாம்பை ஏய்த்து வெளியே வருகிறது. வாசித்துக் காட்டும்போது எனக்குக் கொட்டாவி வரும். அண்ணன் அதைக் களைப்பு என்று நினைப்பார்.

இதை விரும்பி வாசிக்க உலகத்தில் ஒரு சீவன் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வளவில்தான் இருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கிற பெட்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையைக்கூட மாற்றாமல் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வருவாள். அவள் 'சேர்' என்று கூப்பிடுகிற அண்ணனுடைய அலுமாரியில் ஒரு பாகத்தை உருவிக்கொண்டு, என் குசினித் தரையில் அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி இருந்து வாசிப்பாள். வாசித்துக்கொண்டே என்னுடைய முறுக்கை முடிப்பாள். அவளுக்கும் நான் முதலில் பெரிதாக மதிப்புக் கொடுக்கவில்லை. கீரிக்கதையை ஏழு தரம் வாசிக்கிற தலையில் வேறு என்னதான் இருக்கப் போகிறது என்று எண்ணிக்கொண்டு தேங்காய் திருவுவேன்.

ஆனால் அவள் வாய் மூடாதவள். கேட்க ஆளில்லை என்றாலும் சொல்வாள். நான் பதில் சொல்லாத ஆள் என்பதால் என்னிடம்தான் எல்லாம் வந்து விழும்.

"ஆச்சி, மூண்டாம் பாகம்தான் திறம். ஏனெண்டு சொல்லட்டே?"

நான் தலையாட்டினேன்.

"சிறைக்கதவைத் திறக்கேக்கை அவன் ஒருத்தரையும் காப்பாத்தப் போகேல்லை. தான் தப்பத்தான் போனவன். கதவு திறந்து கிடந்ததாலை மற்றதுகளும் தப்பிட்டுதுகள். அணில் வந்து 'நன்றி' எண்டு சொல்லேக்கை அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. அந்த இடம்தான் வடிவு."

அந்த இடத்தை நான் அண்ணனுக்கு வாசித்துக் காட்டியவள். தடக்காமல் வாசித்துக்கொண்டு போயிருக்கிறேன். அழகு ஒன்றும் கண்ணில் படவில்லை. அன்றைக்குத்தான் இந்தப் பெட்டை என்னைவிடக் கவனமாக வாசிக்கிறாள் என்று தெரிந்தது. அண்ணனைவிடவும் கவனமாக.

நாலாம் பாகம் வந்தபோது அவள் முகம் கறுத்தது. அந்தப் பாகத்தில் கீரி ஒரு கிழட்டு முனிவரைச் சந்தித்து, களவையும் பொய்யையும் விட்டு, ஆலமரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம் தொடங்குகிறது.

"சேர் அவனுக்கு அதிபர் வேலை குடுத்திட்டார், ஆச்சி" என்றாள், செத்த வீட்டில் சொல்வது போல.

ஐந்தாம் பாகம் அச்சகத்திலிருந்து கட்டாக வந்து இறங்கிய அன்றே ஒன்றை எடுத்து முடித்தாள். முடித்துப்போட்டுத் தரையில் குப்புற வைத்தாள்.

"மணி அடிக்குது. வரிசையிலை நிக்குதுகள். நகம் வெட்டினதோ எண்டு பாக்கிறான். அதுவும் கீரியின்ரை நகத்தை! உது எனக்குப் பள்ளிக்கூடத்திலையே கிடக்கு. வீட்டை வந்தும் வாசிக்கவோ?"

நான் சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்து எத்தனையோ காலம்.

"சிரிக்காதேங்கோ ஆச்சி. சேர் ஆறாம் பாகம் எழுதப் போறாராம். எழுத முன்னம் சொல்லவேணும். அவனை உந்தப் பள்ளிக்கூடத்திலை இருந்து வெளியிலை விடச் சொல்லவேணும். எழுதிப்போட்டால் பேந்து ஒண்டும் செய்யேலாது."

அவளுக்கு அது விளையாட்டில்லை. வீட்டு மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்துவிட்டார்கள் என்றால் எப்படித் தவிப்போமோ, அப்படித் தவித்தாள். நீங்கள் சொல்லுங்கோ என்று என்னைக் கேட்டாள். நான் சட்டியைக் கழுவப் போனேன். அண்ணனுக்குப் புத்தி சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அப்போதுதான் ஐந்தாம் பாகத்தின் வெளியீட்டு விழா வந்தது. எங்கள் ஊரில் ஒருவர் புத்தகம் போட்டால் அதை யாரும் வாசிக்கத் தேவையில்லை. வெளியிட்டால் போதும். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று ஒரு பின்னேரம் முழுக்க உரைத்து, ஆளுக்கொரு பொன்னாடையைப் போர்த்தி, வடையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இந்த முறை அண்ணன் புதிதாக ஓர் உரையைச் சேர்த்தார். 'இளம் வாசகர் பார்வை.' பெட்டைதான் பேச வேண்டும்.

அவளுக்கு வாய் காதுவரை போனது. தன் பார்வையைக் கேட்கப்போகிறார்கள் என்று நம்பிவிட்டாள். பாவம், எங்கள் ஊர் வழக்கம் தெரியாத பிள்ளை. அடுத்த நாள் அண்ணன் அவளைக் கூப்பிட்டு எழுதின தாளைக் கொடுத்தார். இளம் வாசகரின் பார்வையையும் அவரே எழுதியிருந்தார். நான்தான் அதையும் வாசித்துக் காட்டியவள். தன்னைத் தானே 'குழந்தை உள்ளம் கொண்ட பெருந்தகை' என்று எழுதியிருந்தார். எழுதக் கை கூசவில்லை. எனக்கு வாசிக்க நாக்குக் கூசியது. அந்த இடத்தில் தடக்கினேன். கடினமான சொல் என்று அடையாளம் போட்டார்.

பெட்டை பாடமாக்கினாள். தாய் பக்கத்தில் நின்று பாடமாக்க வைத்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே பாடமாகிவிட்டது. விழாவுக்கு முதல் நாள் தாளோடு அண்ணனிடம் வந்து நின்றாள். நான் கதவு நிலையோடு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சேர், உதிலை ஒரு வரி. 'நான்காம் பாகத்தில் கீரி திருந்தியதை வாசித்தபோது கண்ணீர் வடித்தேன்' எண்டு கிடக்கு."

"ஓம், அதுக்கென்ன?"

"நான் அழேல்லை, சேர். அதை மட்டும் எடுக்கலாமோ?"

"பிள்ளை, அது மேடைக்கு. அந்த இடத்திலைதான் சனம் கை தட்டும்."

"அப்ப எடுக்க வேண்டாம். நான் சொல்லுறன். ஆனா ஆறாம் பாகத்திலை அவனை வெளியிலை விடுறியளோ?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் திருந்திட்டான், பிள்ளை. திருந்தின ஆளைத் திருப்பிக் கெடுக்கிறதோ? ஒரு ஆசிரியன் செய்யிற வேலையே அது?"

"அவன் கெட்டவன் இல்லை, சேர்."

"களவெடுத்தவன்தானே?"

"கீரி முட்டை எடுக்கிறது களவே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, தேத்தண்ணியைக் கொண்டாவன், ஆறப்போகுது" என்றார். அவருக்குப் பதில் இல்லாவிட்டால் தேத்தண்ணி வேண்டும்.

விழா சனசமூக நிலைய மண்டபத்தில் நடந்தது. வாசலில் குலையோடு வாழை கட்டியிருந்தார்கள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தேன். நயப்புரை செய்தவர் புத்தகத்தை வாசிக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கீரியை அணில் என்றே கடைசிவரை சொன்னார். ஒருவரும் திருத்தவில்லை, அண்ணனும் திருத்தவில்லை. பொன்னாடை போர்த்தியிருந்த ஆள் அல்லவா.

பிறகு பெட்டையைக் கூப்பிட்டார்கள். புதுச் சட்டை, இரட்டைப் பின்னல். அவைத்தலைவர் அவர்களே என்று தொடங்கிக் கணீரென்று போனாள். பெருந்தகையைச் சொன்னாள். சனம் கை தட்டியது. நாலாம் பாகத்துக்கு வந்தாள். நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தாய் முன்வரிசையில் இருந்து வாயை அசைத்தாள். பெட்டை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு வரியைப் பேசாமல் கடந்துபோகப் பார்த்தாள் என்று எனக்குப் புரிந்தது. கடந்துபோயிருப்பாள். அண்ணன் விடவில்லை. மேடைக் கதிரையில் இருந்தபடி முன்னால் சரிந்து, மண்டபத்துக்கே கேட்க எடுத்துக் கொடுத்தார்.

"கண்ணீர்... கண்ணீர் வடித்தேன்..."

பெட்டை திரும்பிப் பார்த்தாள். ஒலிவாங்கி வாய்க்கு நேரே இருந்தது.

"நீங்கள் வடிச்சனீங்கள், சேர். நான் வடிக்கேல்லை."

மண்டபம் சிரித்தது. அண்ணனும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாகிவிட்டது. பெட்டை சிரிக்கவில்லை. கிடைத்த இடைவெளியில் கடகடவென்று சொன்னாள்: "நாலாம் பாகத்திலை அவன் வேறை ஆள். முதல் மூண்டிலையும் இருந்தவனை எனக்கு விருப்பம். ஆறாம் பாகத்திலை அவனை விட்டுவிடுங்கோ, சேர். பள்ளிக்கூடத்தை வேறை ஆரும் நடத்தட்டும்."

அறிவிப்பாளர் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாருங்கள், குழந்தையின் மழலைக் குறும்பு! ஆசிரியருடைய எழுத்தில் எவ்வளவு ஈடுபாடு!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மண்டபத்தில் அந்தப் புத்தகங்களை வாசித்துவிட்டு எழும்பிப் பேசியது அவள் மட்டும்தான். அவள் பேசியதற்குத்தான் மழலை என்று பெயர். அணிலைப் பாராட்டியவர் பேசியதற்கு நயப்புரை என்று பெயர். பெட்டை கீழே இறங்கி வந்து, தாய் கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டு, என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"சேருக்குக் கேட்டிருக்கும்தானே, ஆச்சி?"

"கேட்டது" என்றேன்.

கேட்டதென்பது ஆறாம் பாகத்தில் தெரிந்தது. மழை தொடங்கிய நாட்களில் எழுதி முடித்து, வாசி என்று என் கையில் தந்தார். ஆலமரப் பள்ளிக்கூடம் அப்படியே இருந்தது. கீரியும் உள்ளேதான் இருந்தது. புதிதாக ஓர் அணில் சேர்ந்திருந்தது. இரட்டைப் பின்னல் போல வால் பிளந்த பெட்டை அணில். பெரியவர்கள் சபையில் வாய் காட்டுகிறது. 'எனக்குப் பழைய கீரியைத்தான் பிடிக்கும்' என்கிறது. கீரி ஆசிரியர் கோபிக்காமல் அன்போடு அறிவுரை சொல்ல, கடைசி அத்தியாயத்தில் அணில் அவர் காலில் விழுந்து, கண்ணீர் வடித்து, மன்னிப்புக் கேட்கிறது.

நான் நிறுத்தினேன்.

"ஏன், எழுத்து விளங்கேல்லையே?"

"விளங்குது."

"எப்பிடி வந்திருக்கு?"

அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. வாய்வரை வந்தது. நான் மிச்சப் பக்கத்தை வாசித்து முடித்தேன். ஒரு பிள்ளை மேடையில் அழ மறுத்தாள் என்பதற்காக, அவளைப் பிடித்து வால் வைத்துப் புத்தகத்துக்குள் அழவைத்திருக்கிற மனிதர். அவருக்கு இரவுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தேன்.

ஆறாம் பாகத்தை வெளியிட்டபோது இளம் வாசகர் பார்வை இருக்கவில்லை. பெட்டை கொஞ்ச நாள் எங்கள் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு பின்னேரம் குசினிக்குள் வந்து வழக்கமான இடத்தில் இருந்தாள். புத்தகத்தைப் பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்திருந்தாள். நான் அரிசி புடைத்தேன். அவள் கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். முறுக்கைத் தொடவில்லை.

"இது நான்தானே, ஆச்சி?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஓம்" என்றேன்.

அணிலின் படத்தைப் பார்த்தாள். "வால் வடிவாய்க் கீறிக் கிடக்கு" என்றாள். பிறகு விரலால் அந்த வாலைத் தடவினாள். அழப்போகிறாள் என்று பயந்து சுளகைக் கீழே வைத்தேன். அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் விலை சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"சரி. என்ரை கணக்கிலை இது மூண்டு பாகக் கதை. சிறையிலை இருந்து வெளியிலை வந்து வெளிக்குள்ளாலை ஓடுறான். அவ்வளவுதான். முடிஞ்சுது."

"மிச்சம்?"

"மிச்சம் சேரின்ரை கதை. அவர் வாசிக்கட்டும்."

முறுக்குப் பேணியை இழுத்தாள். நான் சுளகை எடுத்தேன்.

அன்று பொழுதுபட, கை கால் கழுவிவிட்டு வந்த அண்ணன் விறாந்தையில் இருந்தபடி கேட்டார். "உந்தப் பெட்டை வந்து போனவளே? ஆறாம் பாகத்தைப் பற்றி என்ன சொன்னவள்? அணிலைக் கண்டு சந்தோசப்பட்டிருப்பாள், என்ன?"

வழக்கமாக நான் உள்ளே போய்விடுவேன். அன்றைக்குப் போகவில்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. விளக்குத்திரியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மிச்சத்தை உங்களையே வாசிக்கச் சொன்னவள், அண்ணை."

"எந்த மிச்சம்?"

"நாலாம் பாகத்திலையிருந்து."

அவர் தேத்தண்ணி கேட்டார். கொடுத்தேன். இப்போது ஏழாம் பாகம் எழுதுகிறார். என்னை வாசிக்கச் சொல்வதில்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தானே வாசிக்கிறார். பல இடங்களில் தடக்குகிறார்.