‘ஜெபிச்சு சொல்றேன்’ என்றால் என்ன அர்த்தம்?

போன புதன்கிழமை சாயங்காலம் வீட்டு போன் அடித்தது. பொத்தேரியிலிருந்து ஒரு காலேஜ் மாணவி. ஹாஸ்டல் ஜெபக்குழுவில் வந்து பேச முடியுமா என்று கேட்டாள். நான் வழக்கம்போல, "ஜெபிச்சு சொல்றேம்மா" என்றேன்.

"அப்போ வரமாட்டீங்களா அங்கிள்? காயின் போன்லேர்ந்து பேசறேன், கட் ஆகிடும். நேராவே சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கறோம்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. "வரேம்மா, வரேன்" என்று சொல்லி போனை வைத்தேன்.

சபை வட்டாரத்தில் புழங்குகிறவர்களுக்கு இது பழகிய வார்த்தை. மாட்டேன் என்று சொல்ல வாய் வராதபோது ‘ஜெபிச்சு சொல்றேன்’ என்போம். கேட்டவருக்கும் புரிந்துவிடும். அப்புறம் அவரும் கேட்கமாட்டார், நாமும் ஜெபிக்கமாட்டோம்... உண்மைதானே?

எண்பதுகளில் சேலையூர் பக்கம் ஒரு சபையில் நான் கமிட்டி மெம்பர். மழைக்காலம். ஒரு நாள் காலையில் கமிட்டி நடந்துகொண்டிருக்கும்போது ஜான்சன் என்ற ரயில்வே ஊழியர் சட்டையெல்லாம் நனைந்து வந்து நின்றார். முந்தின நாள் அவருடைய அப்பா இறந்துவிட்டார். வீட்டில் உடலை ஐஸில் வைத்திருந்தார்கள்.

"அப்பாவை அம்மா பக்கத்துல அடக்கம் பண்ணணும் சார். வேற எதுவும் கேக்கல."

அம்மா இருப்பது எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தில். அப்பாவோ எங்களோடு மனஸ்தாபப்பட்டு, வேறு சபையில் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு போனவர். சும்மாவும் போகவில்லை — உங்களில் ஒருத்தரும் பரலோகம் போகமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்! விட்டுப் போனவர்களுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்பது விதி.

அந்த வார்த்தையை நேருக்கு நேர் வாங்கிக்கொண்டவர் எங்கள் செயலாளர் தேவசகாயம் சார். அவர்தான் பேசினார்.

"ஜெபிச்சு முடிவு சொல்றோம் தம்பி. சாயங்காலம் வாங்க."

ஜான்சன் முகம் விழுந்துவிட்டது. அவரும் சபையில் வளர்ந்தவர்தானே, அர்த்தம் தெரியாதா? வாசல் பக்கம் திரும்பினார்.

"இருங்க ஜான்சன்" என்றார் போதகர். புதிதாக மாற்றலாகி வந்தவர். "ஜெபம்தானே? இப்பவே பண்ணிடலாம். எல்லாரும் கண்ணை மூடுங்க."

மூடினோம். வேறு வழி? போதகர்கள் நீளமாக ஜெபிப்பார்கள், அதற்குள் ஏதாவது சாக்கு யோசித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால்...

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நாங்க என்ன சொல்லணும்? ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். கண்ணைத் திறந்தால் போதகர் செயலாளரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சொல்லுங்க சார்."

"ஐயா... விதி இருக்கே?"

"இருக்கு. மீறினா மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன். இப்ப ஜெபிச்சோமே, உங்க மனசுல என்ன பட்டுது?"

தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜான்சனை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்தார்.

"மழை வலுக்கறதுக்குள்ள குழி வெட்ட ஆள் அனுப்பணும் ஐயா."

ஜான்சன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

சபைத் தலைவர்களே, போதகர் செய்ததைக் கவனியுங்கள். அந்த ‘சரி’யை அவரே சொல்லியிருக்கலாம். அதிகாரம் இருந்தது. சொல்லவில்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பதிலை மட்டும் காயப்பட்டவர் வாயாலேயே வரவைத்தார். அன்றைக்குப் பிறகு அந்தக் கமிட்டியில் யாரும் ‘ஜெபிச்சு சொல்றோம்’ என்று லேசில் சொல்லவில்லை — உடனே கண்ணை மூடச் சொல்லிவிடுவாரே என்ற பயம்!

உபவாசமிருந்து, காத்திருந்து ஜெபிக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் பல நேரம் முழங்கால் போடும் முன்பே நமக்குப் பதில் தெரியும். அப்போது தைரியத்தைக் கேட்டு ஜெபியுங்கள்.

அது உடனே கிடைக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.