ஆறாவது பிடி

நியூ ஜெர்சி எடிசனில் சிறீஸ்கந்தராசாவைத் தெரிந்தவர்களுக்கு அவர் மருத்துவமனை லேப்பில் ரத்தம் பரிசோதிக்கிறவர். சனிக்கிழமைகளில் விசிலோடு நடுவராக மைதானத்தில் ஓடுகிறவர் என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், "அங்கிளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்பார்கள். கண்டியில் பள்ளிக்கூடத்திலேயே ரக்பிப் பைத்தியம் பிடித்த மனிதர், விட்டால்தானே!

ஆனால் அமெரிக்காவில் அவர் கைக்கு வந்தது ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி லீக். கண்டியில் அவர் பார்க்காத ஒரு சட்டம் இதில் உண்டு. பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி பிடித்துப் பிடித்து வீழ்த்தும். ஆறாவது பிடியோடு பந்து கைமாறிவிடும். எண்ணுவது நடுவரின் வேலை. இவர் நம் பழக்கப்படி கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். விரலுக்கு மூன்று கணு, இரண்டு விரல், முடிந்தது கதை. ஒரு தடவையும் பிசகியதில்லை என்று கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

1996இல் கடற்கரை ஊர்களின் ஆறு கிளப்புகள் சேர்ந்து கரையோரக் கோப்பையைத் தொடங்கின. நாக்அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருஷம் அவ்வளவுதான், மூட்டை கட்டவேண்டியது. எல்லா இறுதி ஆட்டங்களுக்கும் இவரே நடுவர். 2001இல் ஆள் சேராமல் கோப்பையை நிறுத்துவதென்று முடிவானது. கடைசி விருந்தில் வாசிக்க அதன் வரலாற்றை எழுதித் தரும்படி இவரையே கேட்டார்கள். மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை.

98 இறுதி ஆட்டத்தின் ஸ்கோரைச் சரிபார்க்க, மனைவி பவதாரணி அன்று எடுத்த வீடியோவைப் போட்டார். கடைசி நிமிடங்கள். பந்து சிவப்புச் சட்டைக்காரர்களிடம். நீலச் சட்டை கேப்டன் டாய்ல், கூரை வேய்கிற தொழிலாளி, ஓடிவந்து, "ஆறு முடிந்துவிட்டது! பந்து எங்களுக்கு!" என்று கத்துகிறான். நடுவரை எதிர்த்துப் பேசியதற்காக இவர் அவனை வெளியே உட்கார அனுப்புகிறார். ஆள் குறைந்த நீலத்தை உடைத்துக்கொண்டு சிவப்பு உடனே எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றி, ட்ரை போட்டுக் கோப்பையைத் தூக்குகிறது.

டேப்பைத் திருப்பி எண்ணினார். மறுபடியும் திருப்பினார். ஆறு. எப்படிப் பார்த்தாலும் ஆறு. அன்று குளிருக்குப் பவதாரணி வற்புறுத்திப் போட்டுவிட்ட தடித்த கம்பளிக் கையுறை திரையில் தெரிந்தது. அதற்குள் கணு எங்கே தட்டுப்படும்? அட பாவி மனுஷா!

"இஞ்சருங்கோ, ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?" என்றாள் பவதாரணி.

"நான் ஒண்டை விட்டுட்டன், பவா. அந்தப் பெடியன் சொன்னதுதான் சரி."

"மூண்டு வருஷமாச்சுது. ஒருத்தருக்கும் தெரியாது. பேசாமல் ஸ்கோரை மட்டும் எழுதுங்கோவன். ரெண்டு டீமும் உங்களைக் கிழிச்சுப் போடுவாங்கள்."

"உண்மையைச் சொன்னவனை வெளியில இருத்தினனான். எப்பிடி எழுதாமல் விடுறது?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மைதானங்களில் இவரைத் தவிர நம்மவர் முகம் இன்னொன்று கிடையாது. ஓடி ஓடிச் சம்பாதித்தது அந்த நல்ல பெயர் ஒன்றுதான். அதைத் தன் கையாலேயே அழிப்பதா? அந்த வாரம் முழுக்க எழுதுவதும் கிழித்துப் போடுவதுமாக இருந்தார்.

விருந்தில் எழுந்து வாசித்தார். 98க்கு வந்தார். "அன்று ஆறு பிடி முடிந்திருந்தது. நான் ஐந்து என்று எண்ணினேன். அந்த ட்ரை செல்லாது. டாய்ல் சொன்னது உண்மை. தவறு என்னுடையது."

சிவப்பு அணியின் மேசையில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். கோப்பைக் குழுவின் செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையிலிருந்து டாய்ல் மெல்ல நடந்து வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்றே இவர் நினைத்தார்.

"என் வாய்க்கொழுப்பால்தான் தோற்றோம் என்று டீமில் ஒவ்வொருவனிடமும் மன்னிப்புக் கேட்டேன்," என்றான் டாய்ல். "உங்கள் எண்ணிக்கை தப்பாது என்று நானே அவர்களிடம் சொன்னேன். அதோடு ஆட்டத்தையும் விட்டேன். அப்படியென்றால், நான் எண்ணியது சரியா?"

"சரி," என்றார் சிறீஸ்கந்தராசா. "நீ சரியாகத்தான் எண்ணினாய்."

அந்தப் பெரிய ஆள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் இவர் வாயைத் திறந்தார். கேட்பதற்குப் பதில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.