ஆபீசர் காபிக்கு வைத்திருந்த தண்ணீர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன், எண்பதுகளின் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கே வேலைக்குப் போனேன். ஊரப்பாக்கத்தில், கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். அதற்கு முன் தாம்பரத்தில் ஒரு பேட்டரி கடையில் மூன்று வருஷம் ஆசிட் கலந்திருந்தேன். என் தகுதி அதுதான். அங்கே முதல் வாரமே ஆசிட்டில் தண்ணீரை ஊற்றி, அது சீறியடித்து முழங்கையில் தெறித்தது. குழாயடியில் அரைமணி நேரம் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். தழும்பு சிறியதுதான். பேண்ட்டுகளுக்குத்தான் சேதம் அதிகம். துவைத்துப் பிழிந்தால் சல்லடை.

பள்ளிக்கூடத்தில் ஆசிட்டால் யாருக்கும் ஆபத்தில்லை. ஏனென்றால் லேபை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும்தான் திறப்பார்கள். நீல லிட்மஸ் தாள் அமிலத்தில் சிவக்கும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். பீரோவிலோ மூடி சரியில்லாத ஆசிட் பாட்டிலின் புகையில் நீலத் தாள் முழுக்க ஏற்கெனவே சிவந்து கிடந்தது. பரிசோதனை தானாகவே நடந்து முடிந்திருந்தது.

கெமிஸ்ட்ரி சார் தங்க மெடல் வாங்கியவர். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும் என்பதைச் சாமி பாட்டுப் போலச் சொல்லிக்கொடுப்பார்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை லேப் குழாயில் காற்றுதான் வந்தது. கோடைக்காலம்; லாரித் தண்ணீர் ஒரே ஒரு டிரம். அதை வராந்தாவில் மூடி வைத்து ஹெட்மிஸ்ட்ரஸ் உத்தரவு போட்டிருந்தார்: "ஆபீசர் காபி குடிக்கிற வரைக்கும் ஒரு டம்ளர்கூட யாரும் எடுக்கக்கூடாது."

ஆபீசர் வருவதற்குள் சார் பிள்ளைகளை நிற்கவைத்து ஒத்திகை பார்த்தார். பீக்கரில் கந்தக அமிலத்தை ஊற்றி, பாட்டிலில் மிச்சமிருந்த காய்ச்சி வடித்த தண்ணீரை அதில் ஊற்றத் தூக்கினார்.

"சார், தண்ணில ஆசிட்ட ஊத்து சார். இது சீறும்" என்றேன்.

"எட்டாங்கிளாஸ் ஃபெயிலு எனக்கு கெமிஸ்ட்ரி சொல்லித்தர்றியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் ஊற்றினார். பீக்கர் கொதித்துச் சீறி அவர் மணிக்கட்டில் தெறித்தது.

"காஸ்டிக் சோடா எடு! நியூட்ரலைஸ் பண்ணணும்!" என்று அலறினார்.

முதல் ரேங்க் மாணவன் அதற்குள் பாட்டிலோடு ஓடிவந்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். படித்த பிள்ளை. வெந்த தோலின் மேல் காரத்தையும் ஊற்றியிருந்தால் சாருக்குக் கை மிஞ்சியிருக்காது. பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டு, சாரை வராந்தாவுக்கு இழுத்துப்போனேன். டிரம்மின் மூடியைத் தள்ளி, மக்கால் மொண்டு மொண்டு ஊற்றினேன்.

"டேய், ஈக்வேஷன்படி பாத்தா..."

"ஈக்வேஷன அப்பால எழுதிக்கலாம் சார். கைய நீட்டு."

டிரம் காலியாகும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் வந்தார். சாரின் கையைப் பார்க்கவில்லை. டிரம்மைத்தான் எட்டிப் பார்த்தார். "ஐயோ, காபிக்கு என்னய்யா பண்ணுவேன்?"

ஆபீசர் காபிக்குப் பதில் கலர் சோடா குடித்துவிட்டு, லேப் மிகச் சுத்தமாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று எனக்குச் சொன்னார்கள். குற்றம், குடிதண்ணீரை வீணாக்கியது. சார் பக்கத்திலேயே கட்டுப் போட்ட கையோடு நின்றார்.

இரண்டு வாரம் கழித்துச் சம்பள பாக்கிக்குப் போனபோது ஜன்னல் வழியே வகுப்பைப் பார்த்தேன். கட்டு பிரித்த அந்தக் கையாலேயே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்: அமிலம், காரம், உப்பு, தண்ணீர். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.