கர்த்தர் சொல்லாத வார்த்தை

என் தங்கைக்கு அப்போது இருபத்தாறு வயது. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவள், சேலைகூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினாள். ஒடிசாவில் மலைக் கிராமங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவள் கேட்டிருந்த வேலையைத் தருவதாகவும், ஒன்றரை மாதத்துக்குள் பதில் சொல்லும்படியும் எழுதியிருந்தார்கள்.

"போகணும்னு ஆசையா இருக்குதா?" என்று கேட்டேன்.

"ஆசையாதான் இருக்குது. அதான் பயமாவும் இருக்குது. நம்ம ஆசைய கர்த்தரோட சித்தம்னு நெனச்சிக்கக் கூடாது இல்ல? ஒரு மாசம் ஜெபம் பண்ணலாம்ணா, நீயும் நானும். அவசரம் வேணாம். அவரு காட்டற வரைக்கும் காத்துக்கினு இருக்கலாம்."

சரி என்றேன். அவள் என்னிடம் கேட்டதில் ஆச்சரியமில்லை. எங்கள் சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சபையில் 'ஜெபிக்கிற மனுஷன்' என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் முந்தின வருடம் பக்கவாதத்தில் விழுந்திருந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது; பேச்சும் குழறியது. அம்மா இல்லை. நானும் என் மனைவியும் காலையில் பள்ளிக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்து மணி ஆகும். பகலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொண்டார். மற்றபடி நைனாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் போடுவது எல்லாம் என் தங்கைதான். டூட்டிக்கு முன்னும் பின்னும் ஓடி ஓடிச் செய்தாள். எனக்கு அவரைச் சரியாகத் திருப்பிப் படுக்கவைக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தினமும் விடிந்ததும் இருவரும் நைனாவின் கட்டிலருகே முழங்கால் போடுவோம். "ஆண்டவரே, இவளுக்கு உம்முடைய வழியைக் காட்டும்" என்று நான் சத்தமாகக் கேட்பேன். வாய் அதைக் கேட்கும்போதே, இவள் போய்விட்டால் நைனாவுக்கு யார் செய்வது என்று மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். அவளோ அவசரமே இல்லாமல் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அந்த அமைதியைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

பன்னிரண்டாவது நாள் சனிக்கிழமை. எனக்குப் பள்ளி விடுமுறை. கிளினிக்கில் ஒரு நர்ஸ் வரவில்லையென்று தங்கையைச் சாயங்காலம் வரை நிறுத்திக்கொண்டார்கள். மனைவி அவலூர்பேட்டைக்கு அவள் அம்மா வீடு வரை போயிருந்தாள். மதியம் நைனா படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டார். நான் துணியை எடுத்துக்கொண்டு போனேன். பாதியில் எனக்குக் குமட்டிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது நைனா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். எப்படியோ துடைத்து முடித்தேன். அதுவரை அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கை கழுவிவிட்டு வந்து போனில் இருந்த வேதாகமத்தைத் திறந்தேன். தேடும் இடத்தில் 'தங்கியிரு' என்று அடித்தேன். இருக்கிற இடத்திலேயே இரு என்று அர்த்தம் வரும் வசனங்கள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் ஜெபம் முடிந்ததும் அவளிடம், "கர்த்தர் எனக்கு ஒரு வார்த்தை குடுத்தாரும்மா" என்று சொல்லி அந்த வசனத்தைப் படித்தேன்.

"எப்பண்ணா?"

"நேத்து. ஜெபம் பண்ணிக்கினு இருக்கும்போது."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

"உனக்குச் சொல்லத்தான் எங்கிட்ட சொல்லியிருப்பாரு."

அவள் தலையாட்டினாள். அன்றைக்கே அந்த ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள். மாதம் முடிய இன்னும் பதினேழு நாள் இருந்தது. அந்தப் பதினேழு நாளில் கர்த்தர் உண்மையாகவே ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ, அதைக் கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆறு வருடம் நைனாவைப் பார்த்துக்கொண்டாள். அவர் உடம்பில் ஒரு புண்கூட வரவில்லை. கடைசி வருடங்களில் அவளைக் கோணிய வாயால் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார். நான் புதன்கிழமைக் கூட்டங்களில் கர்த்தருக்குக் காத்திருப்பதைப் பற்றிக்கூடப் பேசினேன். தங்கை ஜெபக்கூட்டத்தில் வாய்விட்டு ஜெபிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாள். அது என் கண்ணில் படாமல் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம்தான்.

போன வருடம் நைனா போய்ச் சேர்ந்தார். நினைவு ஆராதனையில் ஆயர் என் தங்கையைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அவள் எழுந்து நின்று, "எனக்கு வெளியூருக்குப் போகத்தான் ஆச. கர்த்தர் எங்க அண்ணன்கிட்ட பேசினாரு. அதனாலதான் இங்க இருந்தேன். நைனாவ கடைசி வரைக்கும் பாத்துக்க முடிஞ்சிது" என்றாள். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. எல்லா முகத்திலும் மரியாதை. நான் பாட்டுப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பாட்டு எண்ணைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து ஓர் அம்மா வீட்டுக்கு வந்தார். எங்கள் சபையில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்ததாம். "சார், உங்ககிட்டதான் அவரு பேசறாரே. இந்த எடம் சரியா வருமா, வராதான்னு கேட்டுச் சொல்லுங்க. நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்" என்று கைகூப்பினார். பார்க்கலாம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டு மாடிக்குப் போனேன்.

தங்கை அங்கே நைனாவின் தண்ணீர்ப் படுக்கையைக் கழுவி வெயிலில் காயப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளினிக்குக்கு வரும் ஒரு நோயாளிக்குக் கொடுப்பதற்காக.

"அன்னிக்கு கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன்.

"என்னிக்கு?"

"நீ ஒடிசா போறதுக்கு ஜெபம் பண்ணோமே. நானாதான் சொன்னேன். அந்த வசனத்த போன்ல தேடி எடுத்தேன்."

அவள் கை நிற்கவில்லை. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நைனாவ பாத்துக்கோ, எங்களால முடியலன்னு நீ கேட்டிருந்தா இருந்திருப்பேன்ணா. நல்லாவே இருந்திருப்பேன். நீ கேக்கல. அவர வுட்டு கேக்க வெச்ச."

"மன்னிச்சிடும்மா."

"நைனாவுக்குச் செஞ்சதுல எனக்கு வருத்தமில்ல." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணனுக்குப் பன்னெண்டே நாள்ல பேசினாரே, எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த பேசல, எங்கிட்ட இன்னா கொறன்னு நான் எத்தினி நாளு அழுதிருக்கேன் தெரியுமா? அப்புறம் கேக்கறதயே வுட்டுட்டேன். நீ ஜெபம் பண்ணும்போதெல்லாம் கண்ண மூடிக்கினு சும்மா ஒக்காந்திருந்தேன்."

அவளுடைய வேலையையும் ஆறு வருடத்தையும் எடுத்துக்கொண்டேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எதை எடுத்திருக்கிறேன் என்று அந்த மாடியில்தான் தெரிந்தது.

அந்த மாதமே அவள், கூட வேலை செய்யும் ஒரு பெண்ணோடு கிளினிக் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சபைக்கும் வரவில்லை. மனைவி என்னைத் திட்டவில்லை. "அவளுக்கு ஒடிசா வேல வந்தப்ப நான் ஒரு வருஷம் லீவு போட்டிருக்கலாம். எனக்கும்தான் அவ இருந்தது வசதியா இருந்திச்சி" என்று மட்டும் சொன்னாள்.

ஆயரிடம் போய்ச் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ, "அந்த வல்லத்து அம்மாகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?" என்றார்.

மறுநாள் பஸ் ஏறி வல்லம் போனேன். அந்த அம்மா களத்தில் மணிலாக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப நாங்க யார்கிட்ட போய் கேக்கறது சார்?" என்றார். அந்த வெயிலிலேயே இருவரும் உட்கார்ந்து ஜெபித்தோம். சரி என்றோ வேண்டாம் என்றோ எதுவும் சொல்லாமல் திரும்பினேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு, இனி நான் நடத்தவில்லை என்றேன். சிலர் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

தங்கைக்கு மெசேஜ் அனுப்புவேன். பார்ப்பாள், பதில் வராது. இரண்டு மாதத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. மன்னிப்பைப் பற்றிய வசனங்களைத் தேடி எடுத்து நீளமாக ஒன்று எழுதினேன். அனுப்பப் போகும்போதுதான் உறைத்தது. மறுபடியும் கர்த்தரை முன்னே தள்ளி, எனக்கு வேண்டியதை அவளிடம் வாங்கப் பார்க்கிறேன். அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு, சாப்டியாம்மா என்பதைத் தவிர எதுவும் அனுப்புவதில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவளாகவே வந்தாள். மனைவி தோசை ஊற்றிக் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். "அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்ப எழுதிப் போட்டேன். வயசு தாண்டிடிச்சாம். அவங்களுக்கே வேற ஊர்ல ஒரு எடம் இருக்குதாம், பாத்துச் சொல்றோம்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "திரும்ப ஜெபம் பண்ண ஆரம்பிச்சிருக்கேன். ஒண்ணும் கேக்கல. சும்மாதான் ஒக்காரறேன். ஆனா முன்னமாரி கோவம் வரல."

நான் தயங்கித் தயங்கி, "நானும் ஜெபம் பண்ணட்டுமா?" என்றேன்.

"பண்ணு. பதில் வந்தா எங்கிட்ட சொல்லாத."

அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அண்ணியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லையாம். மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலையில் முழங்கால் போடும்போது தங்கையின் பெயரைச் சொல்கிறேன். போக வேண்டும், போகக் கூடாது, கிடைக்க வேண்டும் என்று எது வாயில் வந்தாலும் அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அதனால் பெயரோடு நிறுத்திக்கொண்டு, பள்ளிக்கு நேரமாகும் வரை அப்படியே இருக்கிறேன்.