சண்டை வராத படம்

படத்தைத் தெருச்சுவரில் மாட்டியதும் லுகோகி கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதர். கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, பலகை இடுக்கில் காதை வைத்து நிற்கிறார். தாடியில் நீலச் சாயம். பல்லுக்கு இடையில் தூரிகை. படம் பார்க்கக் கண் போதாதாம், காது வேண்டுமாம்.

கின்ஷாசாவில் அவரை அறியாத ஓவியன் கிடையாது. கோதுமை மாவுச் சாக்கைப் பிரித்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, காருக்கு அடிக்கிற பெயின்டில் தெருவையே வரைந்து காட்டியவர். இப்போது ஊரில் பாதிப் படங்களில் ஆட்கள் அவருடைய ஆட்களைப் போலவே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் பெயரைப் போட்டுக் கள்ளப்படம் விற்ற ஒருவன் ஒருநாள் மாட்டிக்கொண்டான். லுகோகி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டா, என் பேர்ல இவ்வளவு சோம்பேறித்தனமா வரையறே? விரலையாவது ஒழுங்காப் போடு. எனக்குத்தானே கெட்ட பேரு!" உட்காரவைத்துத் திருத்திக்கொடுத்துத்தான் அனுப்பினார்.

அவருக்கு ஒரு பொல்லாத வழக்கம். படத்துக்கு முன்னால் நாலு பேர் சண்டை போட்ட பிறகுதான் கையெழுத்து. "சண்டை வரலைன்னா அது படம் இல்ல, துணி" என்பார். அப்படித் துணியாகிப் போனதன் மேல் வெள்ளை அடித்துவிடுவார்.

இந்த மழைக்காலத்தில் வந்தது வினை. வெள்ளம் எங்கள் தெருக்கடைகளின் பெயர்ப்பலகைகளை எல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. முடிவெட்டும் மக்கெங்கோவுக்கு, மரவள்ளி ரொட்டி விற்கும் எபேயாவுக்கு, இன்னும் கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும், தெருவே 'அப்பா' என்று கூப்பிடும் லுகோகி சும்மாவே புதுப் பலகை எழுதிக்கொடுத்தார். இந்தத் தெருவில் நேராக நன்றி சொல்லி யாருக்கும் பழக்கமில்லை. கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இனிமேல் அவர் படத்தை ஒருவரும் குறை சொல்லக் கூடாது.

அதன்பின் அவர் மாட்டிய முதல் படம் இது. கொட்டுகிற மழை. பிதுங்கி வழிகிற வேனில் ஒருவன் தாவி ஏறுகிறான். கைக்குழந்தையோடு மனைவி சேற்றில் நிற்கிறாள். வெளிநாட்டுக் கண்காட்சிக்கு ஏற்றிப்போக மதியம் லாரி வரவேண்டும். காலையிலிருந்து கதவிடுக்கில் விழுந்ததெல்லாம் "ஆகா", "அற்புதம்", "தங்கக் கை".

பொறுக்கமாட்டாமல் வெளியே வந்தார். "மக்கெங்கோ, அந்த ஆளைப் பாரு. அயோக்கியப் பயதானே?"

"நீங்க சொன்னா அயோக்கியன்தான் அப்பா."

"நல்லவன்னு சொன்னா?"

"தங்கமான மனுஷன் அப்பா."

"உன் கத்தரிக்கோல் துருப்பிடிக்க!"

உள்ளே போய் வெள்ளை டப்பாவைத் திறந்து கலக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து மக்கெங்கோ பதறிப்போய், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த எபேயாவிடம் ஓடினான். "அக்கா, படத்து மேல வெள்ளை அடிக்கப் போறாரு. ஏதாச்சும் நல்லதாச் சொல்லேன். அந்த ஆளு பொண்டாட்டிக்கு இடம் பிடிக்கத்தான் முந்தி ஏறுறான்னு சொல்லு. மனுஷன் மனசு குளிரும்."

எபேயா எழுந்து வந்து படத்தைப் பார்த்தாள். புதுப் பலகை வந்த நாளிலிருந்து கட்டிவைத்திருந்த நாக்கு அவிழ்ந்துகொண்டது.

"இடம் பிடிக்கவா? என் வீட்டுக்காரனும் இடம் பிடிக்கத்தான் மத்தாடி துறைமுகத்துக்குப் போற வண்டியில ஏறினான். இன்னும் பிடிச்சுக்கிட்டே இருக்கான்!"

"உன் ஆளு ஓடிப்போனதுக்குப் படத்துல இருக்கறவன் என்ன பண்ணுவான்?"

"திரும்பிப் பாக்கறானா பாரு!"

"அந்த நெரிசல்ல கழுத்தைத் திருப்ப முடியுமா? நீ வேன்ல ஏறியிருக்கியா?"

"ஏத்திக்கிட்டுப் போனாத்தானே!"

தெரு கூடிவிட்டது. பாதி அவன் கட்சி, பாதி அவள் கட்சி. "அந்தப் பொம்பளை ஏன் முதல்ல ஏறல?" என்று வாயைக் கொடுத்த சோப்பு வியாபாரி கூடையைப் போட்டுவிட்டு ஓடவேண்டியதாயிற்று. எபேயா அந்தப் பெயின்ட் மூஞ்சிக்கு நேராக விரலை நீட்டி, இத்தனை வருஷம் கேட்க ஆள் கிடைக்காததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் உடைந்தது. நிறுத்தவில்லை.

லாரி வந்து ஹாரன் அடித்தது. லுகோகி வாசலுக்கு வந்து ஓட்டுநரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். பிறகு உள்ளிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, சட்டை நுனியால் துடைத்து, எபேயாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் போட்டார்.